ஏழு என்று காட்டிய மழை

ஜாடியில் பிடித்த மழைத்தண்ணீரில் சோதனைத் தாளை முக்கி எடுத்தேன். தாள் பச்சையானது. அட்டையில் இருக்கும் வண்ணக் கட்டங்களோடு வைத்துப் பார்த்தால் பி.எச் ஏழு. அமிலமும் இல்லை, காரமும் இல்லை, நட்டநடு. எனக்குப் பெரிய நிம்மதி.

நிம்மதிக்குக் காரணம் உண்டு. நான் அப்போது குடியிருந்த வீட்டு மாடியில் ஏறி நின்றால் சுண்ணாம்புக்கல் குவாரி தெரியும். பகலெல்லாம் கிரஷர் ஓடும் சத்தம். வெடி வைப்பதற்கு முன் சங்கு ஊதுவார்கள். அடுத்த சில நிமிடங்களில் ஜன்னல் கண்ணாடி ஒருமுறை நடுங்கி அடங்கும். அந்த மாடியில் விழும் மழையைத்தான் தொட்டியில் சேர்த்துக் குடிக்கவும் சமைக்கவும் எடுத்துக்கொண்டிருந்தோம். நிலத்தடி நீரைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்டவன், மழையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. மேலிருந்து வருவதாயிற்றே. மண்ணைத் தோண்டுகிறவர்கள் மண்ணுக்குக் கீழே இருப்பதைத்தானே கெடுப்பார்கள், வானத்தை என்ன செய்துவிட முடியும் என்ற நினைப்பு.

பக்கத்து வீட்டில் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர் இருந்தார். அவரிடம் தாளைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"ஏழா?" என்றார். தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தம்பி, மழைத்தண்ணி ஏழு காட்டக் கூடாதே."

"ஏழுன்னா நல்லதுதானே அக்கா?"

"குழாய்த் தண்ணிக்கு நல்லது. மழை ஏழு காட்டினா, வர்ற வழியில எதையோ கரைச்சுக்கிட்டு வந்திருக்குன்னு அர்த்தம்."

அந்த ஒரு பேச்சு என்னை வருடக்கணக்கில் படிக்க வைத்தது.

காற்றில் கரியமில வாயு இருக்கிறது. அதில் கொஞ்சம் மழைத்துளியில் கரைந்து மிக மெல்லிய கார்பானிக் அமிலமாகிறது. அதனால் வேறு எதுவும் கலக்காத மழைக்கே பி.எச் ஏறத்தாழ 5.6 இருக்கும். லேசான அமிலத்தன்மைதான் மழையின் இயல்பு. அதற்குக் கீழே நன்றாக இறங்கினால் கந்தகமோ நைட்ரஜனோ கலந்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். இது நமக்குப் பள்ளியிலேயே சொல்லித்தந்ததுதான், அமில மழை என்று. ஆனால் மேலே ஏறினாலும் ஒரு காரணம் இருக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். அதன் பொடி மழைத்துளிக்குள் புகுந்தால் அங்கே இருக்கும் அமிலத்தைத் தின்றுவிடும். நெஞ்செரிச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் மாத்திரை வயிற்றில் செய்கிற அதே வேலை. வறண்ட நிலங்களில் சாதாரண மண் தூசியே மழையின் பி.எச்சை ஏற்றிவிடும். அதையும் சொல்லிவிடுகிறேன். ஏழு என்றாலே குவாரிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதனால்தான் அக்கா ஜாடியைக் கேட்டார்.

அன்று பிடித்த தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகத்தான் இருந்தது. ஜாடியை மூடி ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்தேன். இரண்டாம் நாள் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். ஜாடியைச் சாய்த்தால் அது நகரவில்லை. வேகமாகச் சுழற்றினால் மட்டும் புகை மாதிரி எழும்பி மறுபடி மெல்ல உட்கார்ந்தது. மேல்தண்ணீரை வடித்துவிட்டு விரலால் தொட்டேன். முகப்பவுடர் போல வழுவழுப்பு, அங்கங்கே ஒரு நெருடல். அக்கா அதன்மேல் இரண்டு சொட்டு வினிகர் விட்டார். சின்னச் சின்னக் குமிழாக நுரைத்தது. "சுண்ணாம்பு" என்றார். நுரை அடங்கிய பிறகும் கருப்பாகக் கொஞ்சம் துகள் கரையாமல் கிடந்தது.

"இது என்ன அக்கா?"

"தெரியலையே. அதைத்தான் நாம கேட்கணும்."

மழை எப்படித் தூசியை வாங்கிக்கொள்கிறது என்பது நான் நினைத்ததைவிட நுட்பமான விஷயம். நீராவி வெறுங்காற்றில் சும்மா திரண்டு துளியாகிவிடாது. பிடித்துக்கொள்ள ஒரு துகள் வேண்டும். ஆக ஒவ்வொரு மேகத்துளிக்குள்ளும் ஏதோ ஒரு துகள் விதையாக இருக்கிறது. இது மேகத்துக்குள் நடப்பது. அப்புறம் துளி கீழே விழும்போது வழியில் இருக்கும் தூசியை மோதித் துடைத்துக்கொண்டு வருகிறது. இதில் ஒரு வேடிக்கையான இடைவெளி உண்டு. பெரிய தூசி துளியில் நேராக மோதி மாட்டிக்கொள்ளும். மிக மிக நுண்ணிய துகள்கள் தாறுமாறாக அலைவதால் தாமாகவே வந்து ஒட்டும். நடுவில் இருப்பவை, அதாவது சுமார் 0.1 மைக்ரானிலிருந்து 1 மைக்ரான் வரை உள்ளவை (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), விழும் துளியைச் சுற்றி ஓடும் காற்றோடு நழுவிவிடும். மழைக்கும் தப்பி, காற்றில் நாள்கணக்கில் மிதந்து, வெகுதூரம் போய், அங்கே வேறொரு மேகத்துக்கு விதையாகும். அதாவது சுரங்கத்தின் கனத்த தூசி பக்கத்து வீட்டு மழையில் இறங்குகிறது. நுண்தூசி, சுரங்கத்தின் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்களின் மழையில் இறங்குகிறது.

தூசி எங்கிருந்து கிளம்புகிறது என்றால் வெடியைத்தான் எல்லோரும் காட்டுவார்கள். கண்ணுக்குத் தெரிவது அதுதான். ஆனால் திறந்தவெளிச் சுரங்கங்களில் பெரும்பாலும் அதிகத் தூசியைக் கிளப்புவது லாரி ஓடும் மண்பாதை. துளை போடுவது, அள்ளுவது, உடைப்பது, கொட்டி வைத்த குவியல்மேல் காற்று வீசுவது எல்லாம் சேர்ந்துகொள்ளும். வெடி இன்னொன்றையும் சேர்க்கிறது. சுரங்கங்களில் பரவலாகப் பயன்படுவது அமோனியம் நைட்ரேட்டும் டீசலும் கலந்த வெடிமருந்து. அது சரியாக வெடிக்காமல் போகும்போது ஆரஞ்சு நிறத்தில் ஒரு புகை எழும்பும். அது நைட்ரஜன் டை ஆக்சைடு. மழையில் கரைந்தால் நைட்ரிக் அமிலம். எங்கள் குவாரியில் ஒருமுறை அந்த நிறத்தைப் பார்த்திருக்கிறேன். சாயங்கால வெயில் பட்டு அழகாக இருக்கிறது என்று போனில் படம் எடுத்தேன்.

இதையெல்லாம்விட மோசமானது உலோகச் சுரங்கங்களின் கசடு. தாதுவை மாவு போல அரைத்து, உலோகத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுவது. ஏற்கெனவே அரைபட்டது என்பதால் காய்ந்தால் லேசான காற்றுக்கே பறக்கும். முழுமையாகப் பிரித்தெடுக்க முடியாத ஈயம், ஆர்செனிக், காட்மியம் என்று என்னென்னவோ அதில் ஒட்டியிருக்கும். எங்களுக்கு வாய்த்தது சுண்ணாம்புக்கல். ஈயக் கல்லுக்குப் பக்கத்தில் குடியிருந்து, இதே மாதிரி மழையைக் குடித்திருந்தால்?

இந்தக் கேள்விக்கு ஓர் ஊர் உண்மையாகவே பதில் சொல்லியிருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்கடற்கரையில் இருக்கும் எஸ்பெரன்ஸ். அங்கே சுரங்கமே கிடையாது, துறைமுகம்தான் உண்டு. பல நூறு கிலோமீட்டர் உள்ளே, விலூனா என்ற ஊருக்கு அருகில் எடுத்த ஈயத் தாது ரயிலில் வந்து இந்தத் துறைமுகத்தில் கப்பலேறியது. அது ஈயக் கார்பனேட் பொடி. மூட்டையிலோ மூடிய பெட்டியிலோ அடைக்காமல், தளர்வாகவே கொட்டி ஏற்றினார்கள். 2006 டிசம்பரில் ஊரில் பறவைகள் விழத் தொடங்கின. மரத்திலிருந்து, வேலியிலிருந்து, தோட்டத்தில், சாலையில். பெரும்பாலும் பூந்தேன் குடிக்கும் சிறு பறவைகள். 2007 மார்ச்சுக்குள் சுமார் 9,500 பறவைகள் இறந்ததாகக் கணக்கு.

பறவைகளைச் சோதித்தபோது உடலில் ஈயம் இருந்தது. அதன் பிறகுதான் எல்லோரும் வீட்டுக் கூரையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏனென்றால் அந்த ஊரில் பலரும் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் குடிப்பவர்கள். தொட்டிகளைச் சோதித்ததில் ஒரு பகுதியில் ஈயம் வரம்பைத் தாண்டியிருந்தது. அதே துறைமுகத்தில் ஏற்றிய நிக்கலும் தொட்டிகளில் இருந்தது. குழந்தைகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ஈய ஏற்றுமதியை நிறுத்தினார்கள். மாநிலச் சட்டமன்றக் குழு ஒன்று விசாரித்து 2007-இலேயே அறிக்கை கொடுத்தது.

ஈயத்தில் எடை சற்று மாறிய சில வகைகள் உண்டு, அவைதான் ஐசோடோப்புகள். அவை கலந்திருக்கும் விகிதம் கைரேகை மாதிரி. எந்தச் சுரங்கத்து ஈயம் என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். பழைய பெயின்டில் இருந்த ஈயம், பெட்ரோலில் இருந்த ஈயம் என்று வேறு யார்மீதும் பழியைத் தள்ளிவிட வழியில்லாமல், பறவைகளின் உடலிலும் குழந்தைகளின் ரத்தத்திலும் இருந்தது அந்தச் சுரங்கத்தின் ஈயம்தான் என்று அந்த ரேகை காட்டிக்கொடுத்தது.

இதைப் படித்த அன்று என் மனதில் திரும்பத் திரும்ப ஓடியது ஒன்றுதான். பறவைகள் விழாமல் இருந்திருந்தால்? தொட்டியில் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்திருக்கும். தண்ணீரில் கலந்த ஈயத்துக்கு நிறமில்லை, அந்த அளவில் ருசியும் இல்லை. பாத்திரம் பாத்திரமாக எடுத்துக் குடித்துக்கொண்டே இருந்திருப்பார்கள்.

ஜாடியில் கிடந்த கருப்புத் துகளுக்கு வருகிறேன். முதலில் நான் செய்தது டிடிஎஸ் மீட்டரை வாங்கியது. கரைந்த உப்புகளை அளக்கும் அந்தச் சின்னக் கருவியைப் பலர் வீட்டில் பார்த்திருப்பீர்கள். மழைத்தண்ணீரில் வைத்தால் மிகக் குறைந்த எண்ணைத்தான் காட்டும். கடையில் விற்கும் தண்ணீரைவிடச் சுத்தம் என்று தோன்றிவிடும். அக்கா ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த மீட்டர் காட்டும் மிகச் சிறிய அளவு ஒரு லிட்டருக்கு ஒரு மில்லிகிராம். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் ஈயத்துக்குச் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், அதாவது 0.01 மில்லிகிராம். மீட்டர் அசைவதற்கே அந்த வரம்பைப்போல் நூறு மடங்கு ஈயம் வேண்டும். மீட்டரைக் குறை சொல்வதற்கில்லை, அது செய்யப்பட்டதே வேறு வேலைக்கு. ஆனால் அதைக் கையில் வைத்துக்கொண்டு "சுத்தமான தண்ணி" என்று எத்தனை பேர் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். சாதாரணக் குடிநீர் சோதனை என்று கேட்டால் பி.எச், கடினத்தன்மை, குளோரைடு, கிருமி என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். உலோகம் பார்க்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டும். எந்த உலோகம் என்றும் நாம்தான் சொல்ல வேண்டும். குவாரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம் என்றதும் அங்கிருந்தவர் பொறுமையாக விளக்கினார். அமிலத்தில் கழுவிய குப்பி தருவார்கள், அதில்தான் பிடிக்க வேண்டும். பிடித்த தண்ணீரில் நைட்ரிக் அமிலம் கொஞ்சம் விட வேண்டும், இல்லாவிட்டால் உலோகம் குப்பியின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டு, கணக்குக்கு வராமல் போய்விடும். நான் கொண்டுபோன ஜாடியைப் பார்த்து, இதில் எதுவும் பார்க்க முடியாது என்று திருப்பித் தந்துவிட்டார். பிறகு முறைப்படி பிடித்துக் கொடுத்தோம். எங்கள் தொட்டியில் ஈயம் வரம்புக்குள்தான் இருந்தது. அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஆனால் அது சுண்ணாம்புக்கல் கொடுத்த அதிர்ஷ்டம்தானே தவிர, நாங்கள் கவனமாக இருந்ததால் கிடைத்தது இல்லை.

தோண்டுவதோடு சுரங்க வேலை முடிவதில்லை. தாதுவைச் சுட்டு உருக்க வேண்டும். செம்பு, நிக்கல், ஈயம், துத்தநாகம் எல்லாமே பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்துதான் பூமிக்குள் கிடக்கின்றன. சுட்டால் கந்தகம் சல்ஃபர் டை ஆக்சைடாகப் போகும், மழையில் கந்தக அமிலமாகத் திரும்பும். "அமில மழை" என்ற சொல்லை 1872-இல் தன் புத்தகத்தில் எழுதிய ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் மான்செஸ்டரின் நிலக்கரிப் புகையைப் பார்த்து எழுதினார். அது பெரிய அளவில் என்ன செய்யும் என்பதைக் கனடாவின் சட்பரி காட்டியது. அங்கே நிக்கல், செம்புத் தாதுவை 1880-களிலிருந்து திறந்தவெளியில் விறகு அடுக்கி, அதன்மேல் குவித்துச் சுட்டார்கள். மரங்கள் போயின, மண் அரித்துக்கொண்டு போனது, வெளியே தெரிந்த பாறை கருப்பாகிவிட்டது. ஊர்க்காற்றைச் சரிசெய்ய 1972-இல் 381 மீட்டர் உயரத்தில் ஒரு புகைபோக்கி கட்டினார்கள். ஊருக்குள் காற்று தேறியது. ஆனால் அவ்வளவு உயரத்தில் விட்ட கந்தகம் எங்கே போகும்? தூரத்து ஏரிகளின் மழையில் இறங்கியது. உயரமான புகைபோக்கி என்பது அழுக்கைத் துடைப்பதில்லை, பக்கத்து வீட்டு வாசலுக்குத் தள்ளிவிடுவதுதான்.

பக்கத்து வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போன கதையும் உண்டு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் எல்லையோரமாகச் செம்பு சுட்டவர்களின் புகை ஜார்ஜியா மாநிலத்துக் காட்டையும் தோட்டத்தையும் கருக்கியது. ஜார்ஜியா வழக்குப் போட்டு, 1907-இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தது. அங்கே வீணாகப் போன வாயுவைப் பிடித்துக் கந்தக அமிலமாக்கி விற்கவும் வழி கண்டார்கள். காற்றில் விட்டால் மழையைக் கெடுக்கிற அதே பொருள், பிடித்து வைத்தால் விற்பனைச் சரக்கு. சட்பரியிலும் சட்டம் இறுகியபோது கந்தகம் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. 1978-இல் தரிசுப் பாறைகளில் சுண்ணாம்பு தூவி மரம் நடத் தொடங்கினார்கள். ஏரிகள் பலவற்றில் மீன் திரும்பியிருக்கிறது. அந்தப் பெரிய புகைபோக்கியை 2020-இல் அணைத்துவிட்டார்கள். மழை மன்னிக்கத் தயாராக இருக்கிறது என்று எனக்குத் தோன்றும். நாம் விடுவதை நிறுத்திவிட்டால் அது சில வருடங்களிலேயே தேறிவிடுகிறது. மண்தான் மறக்க அதிக காலம் எடுத்துக்கொள்கிறது.

தங்கத்தின் கதை வேறு. சிறு அளவில் தங்கம் எடுப்பவர்கள் மணலில் பாதரசத்தைக் கலந்து தங்கத்தைப் பிடிக்கிறார்கள், பிறகு அந்த உருண்டையைச் சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கிவிடுகிறார்கள். மனிதர்களால் காற்றில் சேரும் பாதரசத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதிலிருந்துதான் வருகிறது. தென்னமெரிக்காவின் பெரு நாட்டில் மாத்ரே தே தியோஸ் பகுதியில், சுரங்கங்களுக்கு அருகே இன்னும் வெட்டப்படாமல் இருக்கும் காட்டில் விழும் மழையை ஆராய்ந்து 2022-இல் ஒரு கட்டுரை வந்தது. வெட்டவெளியில் விழும் மழையைவிட, மரத்தடியில் சொட்டும் மழையில் பாதரசம் மிக அதிகம். இலைகள் காற்றிலிருந்து பாதரசத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன, மழை அதைக் கழுவிக் கீழே இறக்குகிறது. அந்தக் காட்டுப் பறவைகளின் உடலிலும் பாதரசம் ஏறியிருக்கிறது. காடு அடர்த்தியாக இருப்பதால்தான் இவ்வளவு பிடிக்கிறது. மற்றவர்களுக்குப் போகாமல் தன் தலையில் தாங்கிக்கொள்கிறது. அந்தக் காட்டையும் வெட்டினால், அல்லது எரித்தால், பிடித்து வைத்த பாதரசம் மறுபடி கிளம்பும்.

மழை தரையைத் தொட்ட பிறகு நடப்பதையும் மழைநீரின் கதையில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். அது ஓடைநீர், வடிநீர் என்று பிரித்துச் சொல்வார்கள். பாடப்புத்தகத்துக்கு அது சரி. ஆனால் சுரங்கக் குவியல்மேல் விழும் மழைக்கு அந்தப் பிரிவினை தெரியாது. பூமிக்குள் கோடிக்கணக்கான வருடம் காற்றுப் படாமல் கிடந்த பைரைட் என்னும் இரும்புக் கந்தகக் கல்லை வெளியே கொண்டுவந்து கொட்டுகிறோம். காற்றும் மழையும் பட்டதும் அது கந்தக அமிலமாகக் கசியத் தொடங்கும். அந்த அமிலத்திலேயே வாழும் ஒரு வகை பாக்டீரியா வேலையைப் பல மடங்கு வேகப்படுத்தும். கலிஃபோர்னியாவின் அயர்ன் மவுன்டனில் 1963-இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். பிற்பாடு அதன் உள்ளே எடுத்த நீரில் பி.எச் மைனஸ் 3.6 என்று அளந்தார்கள். என் சோதனைத் தாளின் அட்டையில் பூஜ்ஜியத்துக்குக் கீழே கட்டமே இல்லை. மூடி அறுபது வருடம் ஆன பிறகும் ஒவ்வொரு மழைக்கும் அந்த மலை கசிந்துகொண்டிருக்கிறது, யாரோ உட்கார்ந்து அதைச் சுத்திகரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பெர்க்லி என்ற செம்புச் சுரங்கக் குழியில் 1982-இல் பம்புகளை நிறுத்தினார்கள். நிலத்தடி நீரும் மழையும் பனியும் சேர்ந்து அது ஏரியானது. 1995 நவம்பரில் ஒரு புயல்நாளில் இடம்பெயர்ந்து போகும் பனிவாத்துகள் அதில் இறங்கின. 342 வாத்துகள் இறந்து கிடந்தன. மேலிருந்து பார்க்கும்போது அவற்றுக்கு அது தண்ணீராகத்தான் தெரிந்திருக்கும்.

ஈயம் கலந்த மழை இன்று நேற்று வந்ததும் இல்லை. கிரீன்லாந்தின் பனிப்படிவைத் துளையிட்டு எடுத்து அடுக்கடுக்காகச் சோதித்தால், ரோமானியர் ஐரோப்பாவில் ஈயமும் வெள்ளியும் எடுத்த காலத்துப் பனியில் ஈயம் ஏறியிருக்கிறது. பெரிய கொள்ளைநோய் வந்து சுரங்க வேலை நின்ற வருடங்களில் இறங்கியிருக்கிறது. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு கைக்கோடாரியால் செய்த வேலைக்கே அவ்வளவு தூரத்துப் பனியில் பதிவு இருக்கிறது.

இதையெல்லாம் படித்த பிறகு நான் வீட்டில் செய்த மாற்றம் சின்னதுதான். நூறு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் நூறு லிட்டர். காற்றில் இருந்ததும் மாடியில் படிந்ததுமாகப் பெரும்பாலான அழுக்கு முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டரிலேயே வந்துவிடும். ஆகவே முதல் இருநூறு லிட்டரைத் தொட்டிக்குப் போகவிடாமல் வெளியே திருப்பக் குழாயில் ஒரு கிளை வைத்தேன். தொட்டியில் தண்ணீர் எடுக்கும் குழாயை அடியிலிருந்து ஒரு சாண் உயர்த்தினேன், கசடு கலங்கி வராமல் இருக்க. வருடம் ஒருமுறை அடிச்சேற்றை அள்ளினேன். அள்ளியதைச் செடிக்குப் போடவில்லை. இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஈயம் போகாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக மிஞ்சியதில் ஈயத்தின் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஈயச் சுரங்கமோ உருக்காலையோ பக்கத்தில் இருந்தால் இந்தக் குழாய் வேலை எதுவும் போதாது, கூரைத் தண்ணீரைக் குடிக்கவே கூடாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் ஈய உருக்காலை இருக்கும் போர்ட் பிரி நகரத்தாருக்குச் சுகாதாரத் துறையே அப்படித்தான் சொல்கிறது.

ஆனால் எனக்கு ஆற்றாமை தீரவில்லை. தூசியைக் கிளப்புகிறவர் அதைக் கிளம்பும் இடத்திலேயே பிடிக்கலாம். ஈரமாகத் துளை போடலாம், லாரிப் பாதையில் தண்ணீர் தெளிக்கலாம், கன்வேயரை மூடலாம், கசடைக் காயவிடாமல் மூடிவைக்கலாம், தாதுவை அடைத்து ஏற்றலாம். எல்லாமே தெரிந்த வழிகள், புதிதாகக் கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. அதைச் செய்யாமல் விட்டால், ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒவ்வொரு மாடியிலும் முதல் இருநூறு லிட்டரைக் கொட்டிக்கொண்டிருக்க வேண்டும். சுரங்க ஓரத்தில் காற்றுத் தூசியை அளக்கும் கருவியைப் பார்த்திருக்கிறேன். அதன் பக்கத்தில் மழையைப் பிடித்து அளக்கும் ஏனத்தை இதுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. மழை பெய்யும்போது மட்டும் தானாகத் திறந்து, நின்றதும் மூடிக்கொள்ளும் சேகரிப்பான்களை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். மழை சுத்தம் என்ற நம்பிக்கை நம் எல்லோருக்கும் இருப்பதுபோல அளக்க வேண்டியவர்களுக்கும் இருக்கிறது போலிருக்கிறது.

அந்த வீட்டில் இருந்த கடைசி வருடம் ஒருமுறை மூன்று நாள் விடாமல் பெய்தது. குவாரியில் வேலை நின்றுவிட்டது. கிரஷர் சத்தம் இல்லை, சங்கு இல்லை. மூன்றாம் நாள் காலையில் புது ஜாடியைக் கழுவி, மாடி நடுவில் ஒரு முக்காலிமேல் வைத்து, மழையை நேராகப் பிடித்தேன். அக்கா குடையோடு மேலே ஏறி வந்தார். தாளை முக்கினேன். பச்சையிலேயே நின்றது.

"உடனே எடுக்காதீங்க தம்பி. உப்பே இல்லாத தண்ணி, தாள் மெதுவாத்தான் மாறும்."

இருவரும் குடைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை வெளுத்து மஞ்சள் ஏறியது. அட்டையில் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்.

"ம்" என்றார் அக்கா. ஜாடியை வாங்கி வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். அடியில் ஒன்றுமில்லை. "இதுதான் மழை."